நாற்பது கூடை சுண்ணாம்பு

முன்னொரு காலத்தில், வெயிலுக்கும் வெற்றிலைக்கும் பேர்போன ஒரு நாட்டில், நினைத்தது அந்த நிமிடமே நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய பிறந்தநாளில் ஆலம் சுற்றுவது வழக்கம். மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்தால் சிவந்துவிடுமே, அதுதான் ஆலம். பதினோரு வருடமாக அதைக் கரைத்துக் கொடுத்தவர் பண்டசாலை அதிகாரி தாண்டவராயர். கரைத்தவருக்கே ராஜா தம் கையால் முதல் தாம்பூலம் தருவார். அந்தத் தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு தாண்டவராயர் சபையை ஒரு சுற்றுப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் வருடத்தின் மற்ற நாளெல்லாம் அவர் உயிரோடு இருந்தார்.

அந்த வருடம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு ராஜாவுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. "ஒரு தட்டு ஆலம் என்ன ஆலம்? நூறு அண்டா வேண்டும், தெருவுக்குத் தெரு வைக்க வேண்டும். குப்பாண்டி, இந்த முறை நீ கரை!" என்றார்.

குப்பாண்டி சபையின் விகடகவி. வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். தாண்டவராயர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். இப்போது முதல் தாம்பூலமும் அவனுக்கா? தாண்டவராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்தில் மட்டும் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு, "பாக்கியம் அரசே, சாமான் எல்லாம் நானே அனுப்புகிறேன்" என்றார்.

அனுப்பினார். நாற்பது கூடை சுண்ணாம்பு. மஞ்சள் தூள் ஒரே ஒரு படி. "இந்த வருடம் விளைச்சல் இல்லை. பண்டசாலையில் இருந்த மஞ்சள் இவ்வளவுதான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பன்னிரண்டு மூட்டை மஞ்சள் தூள் பின்னறையில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது.

ராஜா கூடைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அடேயப்பா, நாற்பது! இருநூறு அண்டாவே கரைக்கலாம் போலிருக்கிறதே!"

"ஆம் அரசே. ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் மீதியாகக் கூடாது என்று ஆணையிட்டுவிடுங்கள்" என்றார் தாண்டவராயர், மிகவும் பணிவாக.

"ஆணையிட்டேன்! நூறு அண்டா ஆலம் வர வேண்டும், சுண்ணாம்பு மீதியாகக் கூடாது. தவறினால், குப்பாண்டி, நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

குப்பாண்டி கூடைகளையும் அந்த ஒரு படியையும் மாறி மாறிப் பார்த்தான். ராஜாவின் வெற்றிலைப் பெட்டியை எடுத்து எட்டு வெற்றிலையும் பத்துப் பாக்கும் எண்ணி வைத்தான். "அரசே, ஒரு தாம்பூலத்துக்கு இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. இதில் எத்தனை தாம்பூலம் கட்டலாம்?"

"பாக்கு பத்து இருக்கிறதே. பத்து!" என்று ராஜா தாமே கட்ட உட்கார்ந்தார். நாலாவது தாம்பூலத்தோடு வெற்றிலை தீர்ந்தது. ஆறு பாக்கு அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"முதலில் தீர்வது எதுவோ அதோடு வேலை முடிந்தது, அரசே. மற்றது மலையாகக் குவிந்திருந்தாலும் சும்மாதான் கிடக்கும். இங்கே தீரப்போவது மஞ்சள். நாலு பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு போதும். இந்த ஒரு படிக்கு ஓர் அண்டாகூடத் தேறாது."

"வெற்றிலை வேறு, சுண்ணாம்பு வேறு. நான் ஆணையிட்டாயிற்று" என்றார் ராஜா. தாண்டவராயருக்கு அன்று மதியச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

"சுண்ணாம்பை எங்கே தீர்ப்பது என்பதாவது என் இஷ்டமா, அரசே?" என்று குப்பாண்டி கேட்டான்.

"உன் இஷ்டம்."

மறுநாள் காலையில் பண்டசாலைக்கு வந்த தாண்டவராயர் திகைத்து நின்றார். குப்பாண்டி நாலு ஆட்களோடு முன்னறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். நாற்பது கூடையில் பாதி காலி.

"வாருங்கள் ஐயா! அரசர் பிறந்தநாள், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டாமா? கஞ்சி குடித்துவிட்டு வந்ததும் பின்னறைதான்" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு படி அள்ளிய இடத்தில் மஞ்சள் வாசம் எப்படித் தூக்குகிறது, பாருங்கள்!" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு நடையைக் கட்டினான்.

பின்னறைக்கு வந்தால் மூட்டைகளைப் பார்த்துவிடுவானே என்று தாண்டவராயர் பதறினார். ஆளைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். தாமே வேட்டியை மடித்துக் கட்டினார். வாழ்நாளில் ஒரு சொம்பு தூக்கியறியாத மனிதர், பன்னிரண்டு மூட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து, வெள்ளையடித்து முடிந்த முன்னறையில் சுவரோரமாக அடுக்கி, மேலே சாக்கைப் போர்த்தினார். மூச்சு வாங்கியது. ஈரச் சுவரிலேயே சாய்ந்து நின்றார். குப்பாண்டியை நாடு கடத்தும் காட்சியை நினைத்துப் பார்த்ததும் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

வாசலில் ராஜாவின் குரல் கேட்டது. குப்பாண்டி கஞ்சி குடிக்கப் போகவில்லை; ராஜாவை அழைத்துவரப் போயிருந்தான்.

"ஐயோ, தாண்டவராயரே! என்ன இது ரத்தம்?" என்று ராஜா பதறினார்.

தாண்டவராயர் குனிந்து பார்த்தார். தோள், மேல்துண்டு, உள்ளங்கை எல்லாம் செக்கச் செவேலென்று இருந்தன. மூட்டை சிந்திய தூளும் சுவரின் ஈரமும் சேர்ந்துகொண்டன. பின்னால் வெள்ளைச் சுவரிலும் மூட்டை உரசிய இடமெல்லாம் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீர்கள் அரசே, ஆலம்தான்" என்றான் குப்பாண்டி. "மஞ்சள் கிடைக்காமல் சும்மா கிடந்த சுண்ணாம்பு அல்லவா? எங்கேயோ மஞ்சள் வந்து பட்டிருக்கிறது."

ராஜா சிவப்பைப் பின்தொடர்ந்து போய்ச் சாக்கை விலக்கினார். பன்னிரண்டு மூட்டை! கையும் களவுமாக அகப்பட்ட தாண்டவராயர் தரையைப் பார்த்தார். "பதினோரு வருடம் என் கையில் தந்த தட்டு, அரசே. இவன் கையில் பார்க்க என்னால் முடியவில்லை" என்றார். பொய்யில்லாமல் அவர் பேசியது அன்று அது ஒன்றுதான்.

"பன்னிரண்டு மூட்டைக்கு மூன்று கூடை போதும், அரசே. மற்றதெல்லாம் சுவருக்கு. ஒரு பொட்டு மீதியாகாது" என்றான் குப்பாண்டி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நூறு அண்டாவையும் தாண்டவராயரே கரைக்கட்டும், பழகிய கை! தட்டு மட்டும் குப்பாண்டிக்கு" என்று தம் முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

பிறந்தநாளன்று முதல் தாம்பூலம் குப்பாண்டிக்கும், அவன் கேட்டுக்கொண்டதற்காக இரண்டாவது தாண்டவராயருக்கும் கிடைத்தன. தாண்டவராயர் சபையைப் பார்க்கவில்லை. இரண்டு தட்டுகளையும் ஓரக்கண்ணால் எண்ணினார். இரண்டிலும் எட்டு வெற்றிலை. அவர் தட்டில் நாலு பாக்கு, குப்பாண்டி தட்டில் ஐந்து. அந்த ஐந்தாவது பாக்குக்கு வெற்றிலை கிடையாது, அதனால் ஒரு தாம்பூலம்கூடக் கட்ட முடியாது என்பது இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் அந்த ஒரு பாக்கு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.