விபத்தில்லா நாட்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் உமையாள் அம்மையின் ஆசிரமம் இருந்தது. ஓடு போட்ட இரண்டு கட்டடங்கள், ஒரு கிணறு, அவ்வளவுதான். அம்மைக்கு வயது நாற்பத்து நான்கு. அவரிடம் வந்து தங்கிய சீடர்களில் தெய்வநாயகம்தான் மூத்தவர். அவருக்கு அறுபத்திரண்டு. சென்னையில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் ஒரு தாளோடு வந்து அம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை சேலத்துல ஒரு பொறியியல் கல்லூரியில பேசக் கூப்பிட்டிருக்காங்க அம்மை. கட்டட வேலையில விபத்து எப்படிக் குறைஞ்சதுன்னு சொல்லணும். உங்க ஆசீர்வாதம் வேணும்."

"இது என்ன?"

"என்னோட இருபத்தெட்டு வருஷ வேலை."

தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. மேலே இருந்த நீலக் கோடு நிறுவனத்தில் ஆண்டுதோறும் காயம்பட்டவர்களுக்கு. கீழே இருந்த சிவப்புக் கோடு இறந்தவர்களுக்கு.

"நான் சேர்ந்த காலத்துல, பெரிய கட்டடம் ஒண்ணு எழும்பினா ரெண்டு உசுராவது போகும்னு மேஸ்திரிங்க சாதாரணமாப் பேசிக்குவாங்க. ஹெல்மெட், பெல்ட், வலை எல்லாம் நாங்க சண்டை போட்டுக் கொண்டு வந்தது. ரெண்டு கோடும் இறங்குது பாருங்க."

அம்மை பார்த்தார். முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. அதன் பிறகு சிவப்புக் கோடு இறங்கவில்லை. வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று அப்படியே போனது. நீலக் கோடு மட்டும் சரிந்து தரையைத் தொட்டிருந்தது.

"இவ்வளவு பண்ணியும் தியானத்துல உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது அம்மை. அது ஏன்?"

அம்மை பதினைந்தாவது வருடத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு அப்புறம் கை கால் உடையறது நின்னு போச்சு."

"ஆமா, ரொம்பக் குறைஞ்சுது."

"சாவு நிக்கல."

"அது கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருந்துது."

"அடிபடாமலே எல்லாரும் நேரா செத்தாங்களா ஐயா?"

தெய்வநாயகம் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் வந்தார். உட்காரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சாவை மறைக்க முடியாது அம்மை. போலீஸ் வரும், பேப்பர்ல வரும். காயத்தை மறைக்கலாம்."

"யார் மறைச்சது?"

"நான்தான்."

அம்மை காத்திருந்தார்.

"நான் இருந்த சைட்டுல கேட்டுக்குப் பக்கத்துல ஒரு போர்டு இருக்கும். 'விபத்தில்லா நாட்கள்'னு எழுதி, கீழ நம்பர். தினம் காலையில நான்தான் மாத்துவேன். யாருக்காவது அடிபட்டா மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். ஐநூறு நாள் ஆனதும் விழான்னு மேலிடத்துல சொல்லியிருந்தாங்க. நானூத்தித் தொண்ணூத்தாறாவது நாள், ஆராயின்னு ஒரு சித்தாள் சாரத்துல இருந்து விழுந்துச்சு. சத்தம் கேட்டு ஓடினேன். ஓடும்போது..."

அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"உசுரு இருக்கான்னு தோணல அம்மை. போர்டுதான் தோணுச்சு."

மீதியையும் சொன்னார். ஆராயிக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவள் தங்கியிருந்த கொட்டகையின் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார். அப்படியே சொல்லும்படி ஆராயியிடமும் கேட்டுக்கொண்டார். சரிங்க சார் என்றாள். இரண்டு மாதம் கழித்து, அவரே காரில் கொண்டுபோய் அவளை ஊரில் விட்டார்.

"விழா நடந்துதா?"

"நடந்துது. எனக்குச் சால்வை போட்டாங்க."

"அந்த ஊர் எங்க இருக்கு?"

"சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம். இங்கேருந்து ரெண்டு பஸ் மாறணும்."

அம்மை எழுந்து செருப்பை மாட்டினார்.

"இப்பவேவா அம்மை?"

"பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கு."

அவர்கள் போனபோது ஆராயி வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"சேப்டி சாரா? வாங்க சார்."

"எழுந்திரிக்க வேண்டாம்," என்றார் தெய்வநாயகம்.

அதற்குள் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அம்மையைக் கும்பிட்டாள். மகள் சுகன்யா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண்.

"இவருதான்டி என்னைக் கார்ல கூட்டியாந்து வுட்டவரு. மத்தவங்கள எல்லாம் பஸ் ஏத்தி வுட்டுடுவாங்க. சாரு வீடு வரைக்கும் வந்தாரு. நல்ல மனுசன்."

சுகன்யா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மாவ பாத்ரூம்லேருந்து தூக்கினது நீங்கதானா சார்?"

தெய்வநாயகம் ஆராயியைப் பார்த்தார். அவள் குனிந்து கடலை உரித்தாள்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு சார். அத்தினி மாடி ஏறி எறங்குனவ, சோப்புத் தண்ணியில வுழுந்துட்டு வந்து கெடக்குறா பாருன்னு. சின்னப் புள்ளையில நானும் அப்படியே சொல்லிக் கேலி பண்ணுவேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

தெய்வநாயகம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்ரூம் இல்லம்மா."

"என்ன சார்?"

"உங்கம்மா நாலாவது மாடி சாரத்துல கலவை சுமந்துகிட்டு இருந்தாங்க. நடக்குற பலகையில ஒண்ணு கட்டாமக் கெடந்துது. காலையில ரவுண்டு போனப்ப அதை நான் பாத்தேன். அப்புறம் கட்டச் சொல்லலாம்னு போயிட்டேன். பாத்ரூம்னு எழுதினது நான். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்."

பலகையைப் பார்த்ததை அம்மையிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. அம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகன்யா தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

"சாருகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

சுகன்யா போய் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒட்டி உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் தெய்வநாயகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆராயி மடியில் கிடந்த தொலியைத் தட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இனிமே மேலேருந்து வுழுந்தேன்னு நான் சொல்லலாமா சார்?"

தெய்வநாயகம் ஆம் என்று தலையசைத்தார். அதற்குக்கூடத் தன்னிடம்தான் அனுமதி கேட்கிறாள் என்பது அவருக்கு உறைத்தபோது, நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது.

"சனிக்கிழமை நான் போகல அம்மை."

"ஏன்?"

"எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

"இதே மூஞ்சியோடதான்."

சனிக்கிழமை போனார். அதே தாளைத் திரையில் காட்டினார். பதினைந்தாவது வருடம் வந்ததும் நிறுத்தினார். "இதுக்கு மேல இந்த நீலக் கோடு பொய். நான் போட்டது," என்றார். ஆராயியைப் பற்றிச் சொன்னார். பலகையைப் பற்றியும் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய சகாக்கள் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பேசி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"இந்த மாதிரி எத்தனை பேர் சார்?"

"முப்பத்தொரு பேர்."

"அவங்க பேரெல்லாம் சொல்ல முடியுமா சார்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஏழு பேர் வரைக்கும் சொன்னார். எட்டாவது பேர் வரவில்லை. அரங்கம் காத்திருந்தது. மைக்கைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் பேராசிரியர் ஒருவர் வந்து அவரைக் கையைப் பிடித்து இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தெய்வநாயகம் போய்த் தள்ளி நின்றார்.

"ஒவ்வொரு காகிதத்துலயும் கையெழுத்துப் போட்டவன் நான். பேர் ஞாபகம் வரல அம்மை."

அம்மை துணியைப் பிழிந்தார்.

"சோறு இறங்கல. யார் முகத்தையும் பாக்க முடியல. வெட்கமா இருக்கு. இது எப்ப அம்மை போகும்?"

"அந்த ஏழு பேர்ல எத்தனை பேரோட ஊர் தெரியும்?"

"நாலு பேர்."

"மத்தவங்க?"

"கூட வேலை பாத்தவங்களத் தேடிப் பிடிக்கணும். அவங்களக் கேட்டு, ஊர் ஊராப் போய் விசாரிக்கணும்."

அம்மை பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"அப்ப அந்த வெட்கம் போக வேண்டாம் ஐயா. வழி கேக்கும்போது கூட இருக்கட்டும்."