முகம் பதித்த நாழிகை வட்டில்

நெடுங்காலத்துக்கு முன் நீலவேணி நாட்டைக் குமரகேசரி என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எதைச் செய்தாலும் அதில் தம் முகம் தெரிய வேண்டும். நாணயத்தில் முகம், அரண்மனைக் கதவில் முகம், பட்டத்து யானையின் நெற்றிப்பட்டத்திலும் முகம்.

ஓர் ஐப்பசி அடைமழையில் பெரிய ஏரி உடையப் பார்த்தது. மடைக்காவலர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பளவு நீரில் நின்று, மணலும் வைக்கோலும் அடைத்துக் கரையைக் காத்தார்கள். ஊர் பிழைத்தது.

மழை விட்டதும் அரசர் அவையைக் கூட்டினார். "அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

நாழிகை வட்டில் கொடுக்கலாம் என்றார் அமைச்சர் அம்பலவாணர். அது அடியில் ஊசித்துளை போட்ட சிறு செப்புக் கிண்ணம். தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து, சரியாக ஒரு நாழிகையில் மூழ்கும். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று மடைக்காவலர்கள் அதை வைத்துத்தான் அளப்பார்கள். பழைய வட்டில்களை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

அரசருக்கு யோசனை பிடித்தது. யாரிடம் செய்யச் சொல்வது என்பதில்தான் வம்பு வந்தது. அம்பலவாணரைக் கண்டாலே வயிறெரியும் சொக்கராயர் என்ற அவைப் பெரியவர், பொற்கொல்லரான தம் மைத்துனர் குழைக்காதரிடம் சொல்லி ஒரு பெட்டி நிறைய வட்டில்களைச் செய்து கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் அரசரின் பொன்முகம், மீசையோடு மின்னியது. அமைச்சரோ கன்னார் தெருவில் செம்பு வேலை செய்யும் வீரம்மையின் வட்டில்களைக் கொண்டுவந்தார். வெறும் செம்பு.

அமைச்சர் வட்டில் செய்தவர்கள் இரண்டு பேரையும் முன்பே பார்த்து, துளையை எப்போது போடுவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். அது சின்ன வேலை, எல்லாவற்றுக்கும் முதலிலேயே குத்திவிட்டுப் பிறகு முகத்தை வார்ப்போம் என்றார் குழைக்காதர். மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு, கோயிலில் நேரம் பார்க்கும் வட்டிலைப் பக்கத்தில் மிதக்கவிட்டு, அதோடு சேர்ந்து மூழ்கும்வரை துளையைச் சரிபார்ப்பேன் என்றாள் வீரம்மை.

அரசர் பொன்முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நம் அமைச்சருக்கு அரசர் முகம் என்றால் அவ்வளவு இளப்பம்" என்றார் ராயர்.

"ஆளுக்கு ஒரு நாழிகை பேசுகிறோம், அரசே. கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார் அமைச்சர். "அவரவர் கொண்டுவந்த வட்டிலே அவரவர் பேச்சை அளக்கட்டும். மூழ்கிய பிறகு பேசக் கூடாது. மூழ்கும்வரை நிறுத்தவும் கூடாது."

"நீர் தோற்றால்?" என்றார் ராயர்.

அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசர் முன் வைத்தார். "பதவி உங்களுக்கு, ராயரே."

ராயருக்கு வாயெல்லாம் பல். அரசர் பெட்டியிலிருந்து ஒரு பொன்முக வட்டிலை எடுத்துத் தொட்டியில் விட்டார். ராயர் அரசரின் பாட்டனார் புகழில் தொடங்கி, தகப்பனார் புகழுக்கு வந்து, "இந்த வட்டிலின் சிறப்பு என்னவென்றால்" என்றபோது டங்கென்று சேகண்டி அடித்தார்கள். பொன்முகத்தின் கனத்தில் வட்டில் அதற்குள் மூழ்கியிருந்தது.

"இன்னும் கால் நாழிகைகூட ஆகவில்லை. அது ஏதோ கோளாறான வட்டில்" என்று ராயர் பதறினார்.

"பாவம், வேறொன்று போடுங்கள் அரசே. அவர் பேசட்டும்" என்றார் அமைச்சர்.

அரசர் இன்னொன்றை எடுத்துவிட்டார். அதில் வார்த்த பொன் வழிந்து துளையைப் பாதி அடைத்திருந்தது. ராயர் பேசினார். வட்டில் மிதந்தது. அரசரின் மூக்கைப் புகழ்ந்தார், புருவத்தைப் புகழ்ந்தார். வட்டில் மிதந்தது. விஷயம் தீர்ந்துபோய், மைத்துனர் கல்யாணத்துப் பாயசத்தைப் பற்றிப் பேசினார். அவை சிரித்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராயருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

"அரசே, இந்த வட்டிலும் சரியில்லை. என்னை உட்கார விடுங்கள்."

அமைச்சர் எழுந்தார். "நான் சொல்ல வந்ததை ராயரே சொல்லிவிட்டார். இதை வைத்துத் தண்ணீர் அளந்தால் ஒரு வயல் வழியும், ஒரு வயல் காயும். காய்ந்த வயல்காரன் மடைக்காவலர் வீட்டு வாசலில் நின்று திட்டுவான். வட்டிலில் இருப்பது யார் முகம் என்று அப்போது பார்ப்பான்."

அரசரின் சிரிப்பு நின்றது. வீரம்மையின் வட்டிலைக் கோயில் வட்டிலோடு மிதக்கவிடச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். இரண்டும் சேர்ந்து மூழ்கின. மோதிரத்தை எடுத்து அமைச்சர் விரலில் தாமே போட்டார். "என்ன பரிசு வேண்டும், கேளும்."

"ஒவ்வொரு வட்டிலிலும் வாங்குகிறவர் பெயரைப் பொறித்து, துளையை மறுபடி சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பெயரை நீங்களே கூப்பிட்டு, உங்கள் கையால் கொடுங்கள். அதுவே எனக்குப் பரிசு."

"நான் கொடுத்தது என்று பின்னால் எப்படித் தெரியும்?"

"வாங்கிய கைக்குத் தெரியும், அரசே."

வட்டில்கள் தயாரானதும் அரசர் ஏரிக்கரைக்கு நடந்தே போனார். பெட்டியை ராயர் தலையில் சுமந்துவந்தார். அது அரசர் ஆணை. ஒவ்வொரு பெயராக அரசர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். "பேய்க்காளை" என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"அவரைத் தண்ணீர் கொண்டுபோயிற்று, மகாராசா. அவர் மடையை இப்போது நான்தான் பார்க்கிறேன்."

அரசர் வட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார். அவள் எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது அவர் பெயரா?"

"ஆமாம், தாயே."

"அப்படியென்றால் அதைக் கெடவிட மாட்டேன். யாருக்கும் தண்ணீர் குறையாது, மகாராசா" என்று சொல்லிவிட்டு, அவள் மடையைத் திறக்கப் போனாள்.