ஐந்து பண்டிதரும் காத்தாயியின் பணியாரக் கடையும்

நெடுங்குன்ற நாட்டு அரசன் வீரபூபனுக்கு அவ்வப்போது குடிமக்கள் மேல் அக்கறை வந்துவிடும். வந்தால் குடிமக்கள் பாடு திண்டாட்டம்தான்.

"நம் நாட்டில் வீட்டுக்கு ஒருவர் சிறு தொழில் தொடங்க வேண்டும்" என்றான் ஒரு நாள் சபையில்.

தலைமைப் பண்டிதர் ஞானபூஷணம் எழுந்தார். அவர் வாழ்நாளில் ஒரு கத்தரிக்காய்கூட விற்றவர் இல்லை. "அரசே, படிக்காமல் தொழில் தொடங்கலாமா? ஒரு சின்னக் கடை எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்படி வீழ்கிறது என்று நேரில் ஆராய்ந்து மூன்று அத்தியாயத்தில் நூல் எழுதித் தருகிறோம். மக்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்."

அரசன் மகிழ்ந்துபோனான். அரசகாரியமாக வருகிறவர்களிடம் யாரும் காசு வாங்கக் கூடாது என்று உத்தரவும் போட்டான்.

கோட்டையின் கிழக்கு வாசலில் காத்தாயி என்பவள் பணியாரக் கடை போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. தாலிச் சங்கிலியை விற்று வாங்கிய அடுப்பும் குழிக்கல்லும் ஒரு பெஞ்சும்தான் அவளுடைய முதல். ஞானபூஷணம் நான்கு பண்டிதர்களோடு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்காக ஆளுக்குப் பத்துப் பணியாரம் தின்றார்கள். ருசி நேற்றுப் போலவே இருக்கிறதா என்று ஆராய மறுநாளும் தின்றார்கள்.

பணியாரம் கேட்டு வந்த வண்டிக்காரனை ஒரு பண்டிதர் மறித்தார். "நீ பசியால் வந்தாயா, ஆசையால் வந்தாயா?"

"தெரியாம வந்துட்டேனுங்க" என்று அவன் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பத்தாம் நாள் ஊறப்போட உளுந்து இல்லை. காத்தாயி அரண்மனை விகடகவி சிற்றம்பலத்தின் வீட்டுக்கு அழுதுகொண்டே போனாள்.

"ஐயா, போகச் சொன்னா ராசத் துரோகம்ங்கிறாங்க. இருந்தாலோ திங்கிறாங்க. நாளைக்கு அடுப்ப அணைச்சிட வேண்டியதுதான்."

"நூல் எந்த அளவில் இருக்கிறதாம்?"

"வளர்ச்சி அத்தியாயம் காலியாக் கெடக்காம். வீழ்ச்சி ரொம்ப நல்லா வந்திருக்குன்னு பேசிக்கிட்டாங்க."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஒரு வாரத்துக்கான உளுந்தைக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டு, நேரே பண்டிதர்களிடம் போனான்.

"பெரியவர்களே, நீங்கள் பாமரரோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்காரலாமா? எதிரே பந்தல் போட்டு மேடை கட்டித் தருகிறேன். பட்டுத் தலைப்பாகையோடு அமருங்கள். மாதிரிக்கு ஆளுக்கு ஒரு பணியாரம் மேடைக்கே வரும். ஒன்றுக்கு மேல் தின்றால் அது ஆராய்ச்சி இல்லை, பசி என்று ஊர் சொல்லிவிடாதா?"

பண்டிதர்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை தண்டோராக்காரன் தெருத் தெருவாக அறைந்தான்: "அரண்மனைப் பண்டிதர் ஐந்து பேர் பணியாரத்தை ஆராய்கிறார்கள். எல்லாரும் வந்து பாருங்கள்."

ஊர் திரண்டது. ஒரு பண்டிதர் பணியாரத்தை நூற்கயிறு வைத்து அளந்தார். இன்னொருவர் காதருகே வைத்து உற்றுக் கேட்டார். பணியாரத்துக்கு மேல்பக்கம் எது என்று மூன்று நாள் வாதம் நடந்தது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்த வயிறு பசித்தது. பணியாரம் வாங்கினவர்களுக்குத்தான் பெஞ்சில் இடம் என்று காத்தாயி சொல்லிவிட்டாள்.

ஒரு குழிக்கல் நான்காயிற்று. நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் வேலைக்கு வைத்தாள். கூட்டம் தங்கள் புலமையைக் கேட்கத்தான் வருகிறது என்று பண்டிதர்கள் பூரித்து, காலி அத்தியாயத்தை நிரப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து நூல் சபையில் அரங்கேறியது. காத்தாயியையும் அழைத்திருந்தார்கள். ஞானபூஷணம் கணீரென்று வாசித்தார்: "கடை வளரக் காரணங்கள்: தரமான உளுந்து, துலக்கிய பாத்திரம், இனிய சொல், நல்ல வாசல்."

"அருமை" என்றான் அரசன். "ஆராய்ச்சி முடிந்தது. பண்டிதர்கள் நாளை முதல் அரண்மனைக்குத் திரும்பட்டும்."

காத்தாயி ஓடிவந்து அரசன் காலில் விழுந்தாள். "மகாராசா, அவங்கள மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிடாதீங்க. என் கடை படுத்துடும்."

"ஏனம்மா, அவர்களிடம் கற்க இன்னும் பாடம் மிச்சம் இருக்கிறதா?"

"பாடமெல்லாம் தெரியாதுங்க. அதே உளுந்துதான், அதே வாசல்தான். முன்னாடி ஈ ஓட்டினேன். இப்ப இவங்க எழுதுறதப் பாக்கத்தான் சனம் வருது. சட்னி இல்லாட்டியும் சமாளிச்சிக்குவேன், இவங்க இல்லாம முடியாதுங்க."

சபை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. அரசன் ஞானபூஷணத்தைப் பார்த்தான். "இந்தக் காரணம் உமது நூலில் எந்த ஏட்டில் இருக்கிறது?"

பண்டிதர் ஏடுகளை முன்னும் பின்னும் புரட்டினார்.

சிற்றம்பலம் பணிவாக எழுத்தாணியை நீட்டினான். "நூலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை, அரசே. கடை தொடங்கத் தேவையான பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பச்சரிசி, உளுந்து, வெல்லம், குழிக்கல் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் 'பண்டிதர் ஐவர்' என்று சேர்த்துவிட்டால் போதும்."

அரசன் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்தது. சிற்றம்பலத்துக்கு முத்துமாலையும் காத்தாயிக்குப் புதுத் தாலிச் சங்கிலியும் கிடைத்தன. பண்டிதர்களுக்குப் பழைய மேடையே மறுபடியும் கிடைத்தது. ஆனால் அன்று முதல் பணியாரத்துக்குக் காசு.