சீயக்காய்த் தலையில் பெய்த மழை

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு எப்படித் தொடங்கினாலும் நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். அந்த முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட ராஜாவுக்குத் தன்மேல் ஏதாவது பொழிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசை. காலையில் மாடத்திலிருந்து பூமாரி பொழிவார்கள். பகலில் புலவர்கள் புகழ்மாரி பொழிவார்கள். மாலையில் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் சாரல் அடிப்பார்கள். மேலேயிருந்து விழுவது எதுவானாலும் ராஜாவுக்கு அது மழைதான். வானத்து மழை மட்டும் அந்த வருஷம் விழவில்லை.

அந்த அரண்மனையில் மாடக்கண்ணு என்று ஒரு விகடகவி இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே ஓய்ந்துபோன மனிதர். தனக்குப் பல்வலி வந்த நாளிலும் ராஜா சிரித்தாக வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை.

அந்த நாட்டில் ஒரு முறை இருந்தது. மழை பெய்தால் அரண்மனையில் முரசு அறைவார்கள். முரசு அறைந்துவிட்டால், மழை கண்டவர்களுக்கு அடுத்த பௌர்ணமி வரை ஏரித் தண்ணீர் கிடையாது, மதகைப் பூட்டிவிடுவார்கள். அமைச்சர் வித்தகராயருக்கு ஏரி நிறைந்தே இருக்க வேண்டும். ராஜாவை உலா அழைத்துப் போக அன்னப்படகு ஒன்று செய்து வைத்திருந்தார். மாடக்கண்ணுவைப் பார்த்துச் சிரிக்கிற ராஜா தன்னைப் பார்த்து ஒரு நாளாவது சிரிக்க மாட்டாரா என்று அவருக்கு ஏக்கம். பாவம், அதுவும் ஒரு பசிதான்.

ஒரு நாள் ராஜா நகர்வலம் போகையில் எங்கிருந்தோ வந்த மேகம் நாலு சொட்டுப் போட்டுவிட்டுப் போனது. வித்தகராயர் உடனே கைகூப்பினார்.

"அரசே, தங்கள் பாதம் பட்டதும் மாரி பொழிந்துவிட்டது."

ராஜா குளிர்ந்துபோனார். முரசு முழங்கியது. மதகு பூட்டப்பட்டது.

மறுநாளே பலவேசம் என்ற உழவர் மாடக்கண்ணுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, தூறல் வேற, சாரல் வேற, உழவு மழை வேற. ஏரு இறங்குற அளவுக்குப் பேஞ்சாத்தான் எங்களுக்கு மழை. நேத்து விழுந்ததுல என் தலைத்துண்டு கூட நனையல. பயிரு சூல் பிடிச்சு நிக்கு. பௌர்ணமி வரைக்கும் தாங்காது. பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தார். தூக்கம் போயிற்று.

சபையில் அவர் மெல்லப் பேச்செடுத்தார். "அரசே, அன்று விழுந்தது மழை இல்லை என்று மக்கள் சொல்கிறார்கள்."

இதற்காகவே காத்திருந்தவர் போல வித்தகராயர் எழுந்தார். "தங்கள் பாதம் தந்த மழையைப் பழிக்கிறார், மன்னா. மழையைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் தாமே ஒன்றை வரவழைத்துக் காட்டட்டும்."

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "மாடக்கண்ணு, வருகிற சனிக்கிழமை மழை கொண்டுவர வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போய்விடும்."

போனால் தூங்கலாமே என்று மாடக்கண்ணுவுக்கு ஒரு கணம் சபலம். பிறகு பலவேசத்தின் முகம் நினைவுக்கு வந்தது.

"உத்தரவு, அரசே. அன்று முரசு அறைந்த அளவு மழை போதுமா?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை என்ற தைரியத்தில் வித்தகராயர் முந்திக்கொண்டார். "அந்த அளவு போதும். குறையக் கூடாது."

"அப்படியானால் அரசர் எண்ணெய் தேய்த்துச் சீயக்காயும் வைத்து முற்றத்தில் அமர்ந்திருக்கட்டும். மழையிலேயே முழுகிவிடலாம்" என்றார் மாடக்கண்ணு.

மழையில் முழுக்கு என்றதும் ராஜாவுக்குக் கோபம் கூட மறந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. சபையே கூடி நின்றது. மணைமேல் ராஜா, தலையெல்லாம் எண்ணெய், அதன்மேல் சீயக்காய். மாடக்கண்ணு மாவிலைக் கொத்தைச் செம்பில் நனைத்து ராஜாவின் தலைக்கு மேலே ஓர் உதறு உதறினார். நாலு சொட்டு விழுந்தது. முரசுக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். முரசு முழங்கியது.

நாலு சொட்டுத் தண்ணீர் சீயக்காயைக் கழுவாது. கரைத்துக் கண்ணுக்குள் இறக்கிவிடும், அவ்வளவுதான்.

"தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார் ராஜா, கண்ணை இறுக்கிக்கொண்டு.

பணியாளர்கள் குடத்தைத் தூக்கினார்கள். "இறக்கி வையுங்கள்" என்றார் மாடக்கண்ணு. "அது ஏரித் தண்ணீர். அரசே, முரசு அறைந்தாயிற்று. மழை கண்டவருக்குப் பௌர்ணமி வரை ஏரித் தண்ணீர் இல்லை. தங்கள் பாட்டனார் வகுத்த முறை."

"இது மழையா? அமைச்சரே, இது மழையா?"

வித்தகராயர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மழை என்றால் ராஜா பௌர்ணமி வரை சீயக்காயோடு உட்கார வேண்டும். மழை இல்லை என்றால் அன்று விழுந்ததும் மழை இல்லை. "அரசே, ஒரு வகையில் பார்த்தால்..."

"என் கண் எரிகிறது. ஒன்றைச் சொல்லும்."

"மழை இல்லை, அரசே."

"அன்று விழுந்தது?"

"அதுவும் இல்லை."

"சரி, மதகைத் திறக்கச் சொல்கிறேன். முதலில் என் தலையில் ஊற்றுங்கள்."

மாடக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதலில் மதகு, அரசே. தங்களுக்காவது கண்ணைக் கசக்கக் கை இருக்கிறது. பயிர் அப்படியே நிற்கிறது."

எரிகிற கண்ணைக் கசக்கப் போன ராஜா கையை அப்படியே இறக்கிக்கொண்டார். பிறகு வித்தகராயரையே சாவியோடு ஓடச் சொன்னார். மதகு திறந்த ஓசை கேட்கும் வரை குடத்தைத் தொட வேண்டாம் என்று கையமர்த்தினார். ஓசை கேட்டது. குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து ராஜாவின் சிரிப்புக் கேட்டது.

"மாடக்கண்ணு, பிறந்ததிலிருந்து என்மேல் எதையாவது பொழிந்துகொண்டே இருக்கிறார்கள். இன்றுதான் ஐயா நனைந்தேன். உமக்குப் பொன்மாரி பொழியட்டுமா?"

"மாரியே வேண்டாம், அரசே. ஒரு நாள் தூக்கம் கொடுங்கள்."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து, அடுத்த பௌர்ணமி வரைக்கும் தூக்கம் கொடுத்தார்.

அன்று மாலை அன்னப்படகு, தண்ணீர் இறங்கிய ஏரிக்கரைச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. மாடக்கண்ணு வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார். வாய்க்காலில் கால் கழுவ இறங்கியபோது, மடை திருப்பிக்கொண்டிருந்த பலவேசம் நிமிர்ந்து பார்த்தார்.

"ராசா சிரிச்சாரா ஐயா?"

"சிரிச்சாரு."

"நீங்க?"

மாடக்கண்ணு யோசித்துப் பார்த்தார். கணுக்கால் வரை தண்ணீர் சில்லென்று ஓடியது. கரையில் அப்படியே சாய்ந்து படுத்தவர், பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார். பலவேசம் தலைத்துண்டை அவிழ்த்து அவர்மேல் போர்த்திவிட்டு, சத்தம் போடாமல் மண்ணை வெட்டிப் போட்டார்.