மணல்திட்டும் பாதி வெற்றியும்

நாணல் குளத்தில் செங்கா என்றோர் ஆமை இருந்தது. பழைய வழிக் கட்சியைத் தவிர வேறெதற்கும் அது ஓட்டுப் போட்டதே இல்லை.

காரணம் ஒன்றுதான். குளத்தோரம் ஒரு மணல்திட்டு உண்டு. கொன்றை பூத்துவிட்டால், ஆமைக் குஞ்சுகள் பொரிக்கும்வரை அந்தத் திட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. அது குளத்து வழக்கம். அந்தத் தைரியத்தில்தான் ஆமைகள் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குப் போய்விடும். செங்காவின் முட்டைகளும் இப்போது அங்கேதான் இருந்தன.

புது வழிக் கட்சித் தலைவர் நரிக்கு இந்த வழக்கமே பிடிக்காது. "எத்தனை நாள் சுத்திச் சுத்திப் போறது? திட்டு மேலயே பாதை போடுவோம்!" என்றது.

"விடமாட்டோம்!" என்று முக்காரமிட்டது பழைய வழிக் கட்சித் தலைவரான எருமைக்கடா.

தேர்தல் வந்தது. தண்ணீருக்கு ஓர் அவை, கரைக்கு ஓர் அவை. தண்ணீர் அவையில் எருமை ஜெயித்தது. கரை அவையில் நரி ஜெயித்தது.

"வெற்றி! மாபெரும் வெற்றி!" என்று எருமையின் கட்சிப் பேச்சாளர் தவளை தொண்டை கிழியக் கத்தியது.

செங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடியும் நீட்டியது.

"தவளைத் தம்பி, கரையில நரிதானே ஜெயிச்சிருக்கு?"

"அது தோல்வி இல்லக்கா! வெற்றி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு!"

"அப்ப மணல்திட்டு யார் கையில?"

"மழைக்காலத்துல அது தண்ணிக்குள்ள போயிடும். அப்ப நம்ம கையில!"

"இப்பக் கோடையாச்சே?"

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா கேக்கறது?" என்று தவளை தாவிப் போய்விட்டது.

ஜெயித்திருந்தால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? தோற்றிருந்தால் எல்லாரும் ஏன் ஆடுகிறார்கள்? நமக்குத்தான் மூளை மட்டோ என்று செங்காவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. பாவம், அதன் மூளையில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் வெற்றி ஊர்வலம் கிளம்பியது. முன்னால் எருமைக்கடா, கழுத்தில் கொன்றை மாலை. பின்னால் எருமைக் கூட்டம். ஊர்வலம் நேராக மணல்திட்டைப் பார்த்துத் திரும்பியது!

செங்கா விழுந்தடித்துத் திட்டில் ஏறி, முட்டைகளை மூடிய மணலின் மேல் படுத்துக்கொண்டது.

"தலைவரே, நில்லுங்க! கொன்றை பூத்திருக்கு!"

"தெரியுமே! மாலையே அதுலதான் கட்டியிருக்கு!"

"கீழே முட்டை இருக்கு, தலைவரே!"

"இன்னிக்கு ஒரு நாள்தானே, செங்கா! நரியோட வளை முன்னால நம்ம பலத்தைக் காட்ட வேண்டாமா? நம்ம வழக்கத்தைக் காப்பாத்தத்தான் இந்த ஊர்வலமே!"

கரையிலிருந்து நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இதே திட்டு மேலதானே நானும் வழி கேட்டேன்! என்னை மட்டும் ஏன் திட்டினீங்க?"

செங்கா எருமையைப் பார்த்தது, நரியைப் பார்த்தது. யார் நம்மவர், யார் எதிரி என்றே பிடிபடவில்லை. வயிற்றுக்கு அடியில் மணலின் சூடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"உங்களுக்கு ஓட்டுப் போட்டவ நான். போறதா இருந்தா என்னை மிதிச்சுட்டுப் போங்க!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது எருமை. பின்னால் கூட்டம் நெருக்கியது. எருமை தன் கழுத்து மாலையை ஒருமுறை குனிந்து பார்த்தது. பிறகு காலைப் பின்னுக்கு வைத்தது. ஊர்வலம் சுற்றுவழியில் போயிற்று.

மறுநாள் காலையில் தவளை கத்திக்கொண்டே வந்தது. "மணல்திட்டைக் காத்த கட்சி எங்கள் கட்சி! அக்கா, நாமதான் ஜெயிச்சோம்! தண்ணிக்கு வாங்க!"

"ஜெயிச்சமா தோத்தமான்னு எனக்கு இன்னும் புரியலை, தம்பி. புரியறவரைக்கும் இங்கேயே இருக்கேன்."

முட்டையிட்ட ஆமை காவலுக்குத் தங்குவது அந்தக் குளத்தில் இல்லாத பழக்கம். பழைய வழியை விட்டு இம்மியும் நகராத செங்கா, குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும்வரை அங்கேயே கிடந்தது.

நம் கட்சி ஜெயித்தாலும், நமக்கு உயிரானதைக் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிவிடக் கூடாது.