கயிறு பிடிப்பவரின் ஷூ

“டீச்சர், நான் எப்ப முன்னால போறது?”

குழந்தைவேல் இதைக் கேட்டது கூகைமலையின் அடிவாரத்தில். கேட்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலி டீச்சர் அவருடைய காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

“மொதல்ல கால் தரையில படட்டும்ணே.”

குழந்தைவேலுக்கு நாற்பத்தெட்டு வயது. டீச்சர் அவரைவிட நன்றாகவே இளையவர். வாரநாளில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மலை. பாதி ஆயுளை ஜெர்மனியில் கழித்துவிட்டு வந்த சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். கூகைமலைக்கு இதில் ஆட்சேபம் ஏதும் இல்லை.

மலையின் கிழக்குச் சுவர் நீளமானது. காலையில் தொட்டால் உச்சிக்குப் போகச் சாயங்காலம் ஆகும். அதில் யாரும் ஆணி அடித்து வைக்கவில்லை. முன்னால் போகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாறை வெடிப்புகளில் சின்னச் சின்ன உலோக ஆப்புகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டியபடி ஏற வேண்டும். கீழே ஒரு திட்டில் நின்று இன்னொருவர் கயிறு பிடிப்பார். மேலே கால் வழுக்கினால், விழுகிறவரை நிறுத்துவது அந்தக் கை ஒன்றுதான்.

சின்னப் பாறைகளில் குழந்தைவேல் முன்னால் போயிருக்கிறார். இந்தச் சுவரில் மட்டும் டீச்சர் விடுவதாக இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனக்கு முன்னால் யாருமே இல்லாத பாறையைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

“இத்தனை வருசமா எல்லாரும் எனக்கு ஆப்பு வச்சாச்சு டீச்சர். நான் எப்பத்தான் வைக்கிறது?”

டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழற்றிப் போட்ட ஷூ ஒன்றைக் கையில் எடுத்தார். மெலிந்த, வளைந்த ஷூ. நுனி கிளிமூக்கு மாதிரி கீழ்நோக்கிக் கொக்கி போட்டிருந்தது.

“என்ன சைசு?”

“என் அளவுல இருந்து ஒன்றரை கம்மி. ஸ்டுட்கார்ட்ல அப்படித்தான் வாங்குவோம். அப்பத்தான் பாறைய நல்லா கவ்வும்.”

“அங்க எவ்வளவு உயரம் ஏறுவீங்க?”

“கட்டடத்துக்குள்ள இருக்கிற சுவர்தானே. அஞ்சு மாடி உயரம் இருக்கும்.”

“ஏறி?”

“இறங்குவோம். ஷூவக் கழட்டுவோம். காப்பி குடிப்போம்.”

டீச்சர் அண்ணாந்து கிழக்குச் சுவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

“காப்பிக்கடை எங்கண்ணே இருக்கு?”

குழந்தைவேல் இன்னொரு ஷூவையும் கழற்றிப் போட்டார். பிறகு, “அப்ப எந்த ஷூதான் வாங்கணும்?” என்றார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை இதே ஷூவப் போட்டுக்கிட்டு திண்டுக்கல்ல பஸ் ஏறுங்க. வத்தலக்குண்டு வரைக்கும் நின்னுக்கிட்டே வாங்க.”

அவ்வளவுதான். டீச்சர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.



தை மாதம். பஸ்ஸில் பாதி காலி.

“சார், பின்னால அவ்வளவு சீட்டு கெடக்கு” என்றார் கண்டக்டர்.

“பரவால்ல. நிக்கணும்.”

கண்டக்டர் அவருடைய ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். குரல் தணிந்தது. “வேண்டுதலா சார்?”

ஜன்னலுக்கு வெளியே பழனிக்கு நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை வேட்டி, வெறுங்கால். ஒருவர் விரலில் துணி சுற்றியிருந்தது. ஒரு அம்மா குதிகாலை ஊன்றாமல், விந்தி விந்தி, ஆனால் நிற்காமல் போனார்.

குழந்தைவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆகா, இதுதான் டீச்சர் சொல்ல வந்தது என்று பட்டது. ஷூ எதுவாக இருந்தால் என்ன? கடிக்கிறதை மனது கடக்க வேண்டும். அதைக் கடந்தவனுக்குத்தான் முன்னால் போகிற தகுதி.

“வேண்டுதல்தான்” என்றார்.

செம்பட்டியில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீச்சர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். குழந்தைவேல் படியில் பக்கவாட்டாக இறங்கினார். வேறு மாதிரி இறங்க முடியவில்லை.

“ஒரு தடவைகூட உட்காரல டீச்சர்.”

“ஏன்?”

“நீங்கதானே நிக்கச் சொன்னீங்க!”

“செம்பட்டி வர்றதுக்குள்ள கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, போன் பண்ணுவீங்கன்னு நெனச்சேன்.”

 குரு சோதிக்கிறார் என்று குழந்தைவேல் எடுத்துக்கொண்டார். சோதனையில் ஜெயித்துவிட்டதாகவும் எடுத்துக்கொண்டார்.

டீச்சர் அவருடைய முகத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு விட்டார். “சரி, ஏறுங்க. மலைக்குப் போவோம். மூணாவது திட்டு வரைக்கும்.”



முதல் இரண்டு ஏற்றமும் நிழலில் முடிந்தன. மூன்றாவது திட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் பாறைக்கு வந்துவிட்டது.

திட்டு ஒரு மணைப்பலகை அகலம். குழந்தைவேல் கயிறு பிடித்தார். டீச்சர் மேலே போனார்.

சூட்டில் கால் வீங்கும். ஷூ வீங்காது. அவர் இடது காலில் நின்றார். வலது காலில் நின்றார். இரண்டிலும் நிற்க முடியாதபோது பாறையில் சாய்ந்தார். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடித்தன. குனிந்து இடது கையால் குதிகால் பட்டையைத் தளர்த்தினார். தளர்ந்ததும் ஒரு சுகம் வந்தது பாருங்கள், கண்ணை மூடிக்கொள்ளலாம் போல.

வலது கை கயிற்றில்தான் இருந்தது. கயிற்றைக் கெட்டியாக இறுக்கிக்கொண்டு இருந்தது.

“கயிறு!”

மூடிய கண்ணுக்குள் ஸ்டுட்கார்ட்டின் பனி பெய்துகொண்டிருந்தது.

“அண்ணே! கயிறு விடுங்க!”

சரக்கென்று ஒரு சத்தம். நாலைந்து பொடிக்கல் அவர் தோளைத் தாண்டி விழுந்தன.

நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பிடிக்கப் போன நேரத்தில் இறுகின கயிறு இடுப்பைப் பின்னால் இழுத்திருக்கிறது. கால் விட்டுவிட்டது.

குழந்தைவேல் கயிற்றைத் தளர்த்தினார். டீச்சர் காலை மறுபடி ஊன்றினார். ஒரு ஆப்பு செருகினார். அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு பிடியாக, திட்டுக்கு இறங்கி வந்தார்.

டீச்சரின் விரல்முட்டியில் தோல் போயிருந்தது.  

“மன்னிச்சிருங்க டீச்சர். கால் கொஞ்சம் கடிக்குது, அவ்வளவுதான். இனிமே இப்படி ஆகாது. உச்சி வரைக்கும் வலியைத் தாங்கிக்குவேன்.”

டீச்சர் விரல்முட்டியை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பினார்.

“தெரியும். வலிய நீங்க தாங்கிக்குவீங்க.”

கயிற்றின் தன் பக்க முடிச்சை அவரிடம் எடுத்துக் காட்டினார்.

“என்னை?”



கீழே வந்ததும் குழந்தைவேல் ஷூவை ஓடைப் பக்கம் ஓங்கினார்.

“எறியாதீங்கண்ணே. பாவம், அது என்ன பண்ணுச்சு? அஞ்சு மாடிக்கு நல்ல ஷூதான்.”

டீச்சர் பையைத் திறந்தார். திருத்தி முடிக்காத விடைத்தாள் ஒன்றையும் இரும்பு ஸ்கேலையும் வெளியே எடுத்தார். விடைத்தாளை ஒரு பாறை விளிம்பில் பாதி வெளியே நீட்டினார். அதன் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்தார். தாள் மடங்கியது. கல் விழுந்தது.

ஸ்கேலை நீட்டி, மறுமுனையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். நுனியில் அதே கல்லை வைத்தார்.

கல் இருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். பாட்டில் காலியானது. கல் அப்போதும் இருந்தது.

“கடைக்குச் சாயங்காலமாப் போங்க” என்றார் டீச்சர். “நாள் பூரா நடந்துட்டுப் போங்க.”

விடைத்தாளைத் தட்டி மடித்தார். “இவன் வேற வட்டத்துக்கு நாலு மூலை போட்டு வச்சிருக்கான்.”



பெங்களூரில் நாள் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு, விளக்கு போடுகிற நேரத்தில் கடைக்குள் போனார் குழந்தைவேல்.

அடிப்பாகம் தட்டையாக, மரக்கட்டை போல வளையாமல் இருந்த ஜோடியைக் கேட்டார். கணுக்கால்வரை மூடுகிற ஷூ. பார்ப்பதற்குப் பழைய தபால்காரர் பூட்ஸ் மாதிரி. மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு உள்ளே காலை விட்டார். விரல்கள் மடங்காமல் படுத்தன. நுனியைத் தொட்டன, முட்டவில்லை.

கடைச் சுவரில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு விளிம்பு இருந்தது. ஷூவின் நுனியை அதில் வைத்து ஏறி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

கடைக்காரர் தமிழர். இரண்டு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். இவர் அங்கேயே நின்றார்.

“சார், இது வயசானவங்க வாங்குற மாடல். சின்ன சைசுல வளைஞ்சது ஒண்ணு காட்டவா?”

“வேண்டாம்.”

“அப்ப இது பிடிச்சிருக்கா?”

குழந்தைவேல் யோசித்தார். விரல், குதிகால், பக்கவாட்டு எலும்பு என்று ஒவ்வொரு இடமாக விசாரித்தார்.

“எங்கயும் பிடிக்கல. பில் போடுங்க.”



மாசியில் கிழக்குச் சுவருக்குத் திரும்பினார்கள்.

மூன்றாவது திட்டு கடந்தது. நான்காவது திட்டுக்கு மேலே பாறை தொந்தி போலப் புடைத்திருக்கும். அதைச் சுற்றி அப்பால் போய்விட்டால் ஆள் தெரியாது. காற்று அடித்தால் குரலும் வராது.

அன்றைக்குக் காற்று அடித்தது.

டீச்சர் புடைப்பைத் தாண்டி மறைந்தார். கயிறு மட்டும் போய்க்கொண்டிருந்தது. குழந்தைவேல் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கயிறு நின்றது.

ஆப்பு செருகுகிறார் என்று நினைத்தார். காத்திருந்தார். கீழே எங்கோ ஆட்டுமணி கேட்டது. ஒரு கரிச்சான் பாறையை விட்டுப் பறந்து மறுபடி பாறையிலேயே வந்து உட்கார்ந்தது.

கயிறு நகரவில்லை.

அப்போது கயிறு வழியாக உள்ளங்கைக்கு ஒரு அதிர்வு வந்தது. மிகச் சின்னது. பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிப்பதைச் சுவரில் கைவைத்துத் தெரிந்துகொள்வது மாதிரி. நின்று நின்று, மறுபடி விடாமல்.

இது என்றைக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், கால் வலியில் தனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்தார்.

கயிறு அந்தப் புடைப்பில் உரசிச் சிக்கியிருக்கும். இழுத்துக்கொள்ள ஒரு கையை விட வேண்டும். விட முடியாத இடமாக இருக்கும்.

ஒரு முழம் கயிற்றை மேலே தள்ளி உதறிக் கொடுத்தார். கையை மூடிக்கொண்டு, விழுந்தால் நிறுத்துவதற்குத் தயாராக நின்றார்.

அந்த முழம் போயிற்று. நடுக்கம் ஓய்ந்தது. ரொம்பத் தூரத்தில், உலோகம் மாட்டுகிற ஒரு கிளிக்.



ஐந்தாவது திட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் பாறையில் முதுகைச் சாய்த்து, கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த எடத்துல நான் கயிறு கேட்டேனாண்ணே?”

“இல்ல டீச்சர்.”

“கத்த நெனச்சேன். வாய் வரல.”

“கால் நடுங்குச்சே உங்களுக்கு.”

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தினார். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடுப்பிலிருந்த ஆப்புக் கொத்தை அவிழ்த்து நீட்டினார்.

அதற்கு மேலே, உச்சிவரை, பாறையில் யாரும் இல்லை.

குழந்தைவேல் கையை நீட்டவில்லை. டீச்சரின் கெண்டைக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போனா நீங்க நின்னு கயிறு பிடிக்கணுமே. இப்ப நிக்க முடியுமா டீச்சர்?”

ஜெயசீலி டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். சிரித்தபடியே ஷூ நாடாவை அவிழ்த்து, இரண்டு காலையும் காற்றில் நீட்டினார்.

“அஞ்சு நிமிசம் குடுங்கண்ணே.”