தேவாலயத்துக்குக் கம்பளி கொடுத்த செம்மறி

அந்தக் காலத்தில் ஆடுமாடுகளுக்குப் பேச்சு இருந்தது. அதைக் கேட்க மனிதர்களுக்குக் காதும் இருந்தது. அப்போது ஆங்கிலேயர் நாட்டின் ஒரு சின்னக் கிராமத்தில், ஊரே கூடிக் கல் சுமந்து ஒரு தேவாலயம் கட்டியது. சுவர் எழும்பிவிட்டது. ஆனால் கொத்தனார் வில்ஃப்ரிட் பூசிய சாந்து மட்டும் நிற்கவில்லை. காலையில் பூசினால் மாலையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"சாந்தில் ரோமம் கலந்தால் பிடித்துக்கொள்ளும். கோடையில் கத்தரித்த கம்பளியை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டோமே! பூச்சில்லாத சுவரில் பனி இறங்கினால் எல்லாம் சரிந்துவிடும்" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பாதிரியார் மந்தையிடம் போய்க் கேட்டார். "குளிர் தொடங்கும் நேரத்தில் கம்பளியா? நல்ல கதை!" என்று ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஒரு கிழட்டுச் செம்மறி மட்டும் வில்ஃப்ரிடின் முன்னால் வந்து நின்றது. "கத்தரியை எடுங்கள், கொத்தனாரே."

"வேண்டாம் தாயே. குளிரில் செத்துப்போவாய்."

"என் குட்டி சுண்ணாம்புக் குழியில் விழுந்தபோது கையை விட்டுத் தூக்கினீர்களே, கை வெந்துபோகுமே என்று யோசித்தீர்களா? எடுங்கள்."

அவர் அழுதுகொண்டே கத்தரித்தார். "ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்!" என்று அது கிண்டல் வேறு செய்தது.

கம்பளி கலந்த சாந்து சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சில நாளிலேயே பனி கொட்டியது. வெற்றுடம்போடு நடுங்கிய செம்மறியை ஊரார் தூக்கிவந்து, தேவாலயத்துக்குள் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். முறைவைத்துப் போர்வை போர்த்தினார்கள். நம்மூரில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு திரும்பி வருவதில்லை. இதுவோ குளிர்காலம் முழுக்கப் பிரசங்கம் கேட்டுவிட்டுக் கொழுகொழுவென்று வெளியே வந்தது.

"நான் மந்தைக்குப் போகட்டுமா?" என்று கேட்டது.

பாதிரியார் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்துவிட்டார். "எங்கே போகிறாய்? உன் கம்பளிதான் இந்தச் சுவரைக் காப்பாற்றியது. இது நாங்கள் செத்தால் படுக்கிற இடம். எங்கள்மேல் முளைக்கிற புல் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும்தான்."

வாயாடிச் செம்மறி கண் கலங்க, தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது.

அன்று முதல்தான் அந்த நாட்டில் பழைய தேவாலயங்களைச் சுற்றி, கல்லறைகளுக்கு நடுவே ஆடுகள் உரிமையோடு மேய்கின்றன. எந்தப் பாதிரியாரும் விரட்டுவதில்லை, கீழே படுத்திருக்கும் வில்ஃப்ரிடும் ஒன்றும் சொல்வதில்லை.